உபரி வெயிலும் ஒரு பொய்க்கணக்கும்

இங்கிலாந்தின் கால்வாய்களில் படகையே வீடாகக் கொண்டு வாழ்பவர்களிடம் ஜூன் மாதத்தில் பேச்சுக் கொடுத்தால் ஒரு முறையீடு தவறாமல் வந்து விழும். காலை பதினொரு மணிக்கெல்லாம் மின்கலம் நிரம்பிவிடுகிறது. அதன்பின் மாலைவரை கூரைமீது கொட்டுகிற வெயிலெல்லாம் வீணாகிறது. இந்த உபரி மின்சாரத்தை என்ன செய்வது? கேள்வியில் குறையொன்றும் இல்லை. அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடையோடுதான் எனக்குப் பிணக்கு. இன்னொரு மின்கலம் வாங்கு, அடுத்த ஆண்டு மேலும் ஒன்று வாங்கு, கோடையில் கிடைப்பதை அள்ளி வைத்துக்கொள், ஒருநாள் உன் படகு எவரையும் எதையும் சாராமல் வாழும் என்பது அந்த விடை. இது பொய்க்கணக்கு என்பது என் கட்சி. கோடையின் உபரி குளிர்காலத்தின் பற்றாக்குறையை அடைக்காது. இன்றிருக்கும் மின்கலத்தாலும் அடைக்காது, அதைப்போல் பத்து மடங்கு வாங்கினாலும் அடைக்காது. அடைக்கும் என்ற நம்பிக்கையால் விற்பவருக்கு லாபம் உண்டு. விதி வகுப்பவருக்கு வசதி உண்டு. நட்டம் முழுவதும் ஜனவரி இரவில் அந்தப் படகுக்குள் குளிரோடு உட்கார்ந்திருப்பவருக்கு.

கணக்கைப் பார்ப்பதற்கு முன் படகைப் பார்த்துவிடுவோம். நேரோபோட் என்று அழைக்கப்படும் இந்த ஒடுங்கிய படகின் அகலம் ஏறத்தாழ 7 அடி. அந்த அகலத்தைத் தீர்மானித்தவர் பதினெட்டாம் நூற்றாண்டுப் பொறியாளர் ஜேம்ஸ் பிரிண்ட்லி. 1766இல் வேலை தொடங்கிய ட்ரென்ட்–மெர்சி கால்வாயில், படகுகளை மேட்டுக்கு ஏற்றவும் பள்ளத்துக்கு இறக்கவும் வேண்டிய நீர்ப்பூட்டுகளை ஒரே ஒரு படகு நுழையும் அகலத்தில் அவர் அமைத்தார். மத்திய இங்கிலாந்தின் பிற கால்வாய்கள் பலவும் அந்த அளவையே பின்பற்றின. குதிரை இழுத்துச் சென்ற சரக்குப் படகுகளின் காலம் போய்விட்டது. அளவு மட்டும் தங்கிவிட்டது. இன்று அதே அகலத்துக்குள் ஓர் எஃகுக் கூடு, அதற்குள் சமையலறை, படுக்கை, குளியலறை, ஒரு கணப்படுப்பு. 57 அடிக்கு மேற்படாத நீளமிருந்தால் நாட்டின் பெரும்பாலான கால்வாய்களில் போய்வரலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாகச் சுமார் 3,200 கிலோமீட்டர் நீர்வழிகளை 2012 முதல் கனால் அண்ட் ரிவர் ட்ரஸ்ட் என்னும் அறக்கட்டளை பராமரித்து வருகிறது. நிரந்தரத் துறை ஒன்றை வாடகைக்கு எடுக்க வசதியில்லாதவரும் விருப்பமில்லாதவரும், 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொதுவாக ஓரிடத்தில் 14 நாட்களுக்கு மேல் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். ஊர்சுற்றும் ஆசையால் இந்த வாழ்வுக்கு வந்தவர்கள் உண்டு. லண்டன் போன்ற நகரங்களின் வீட்டு வாடகை தாளாமல் வந்தவர்களும் உண்டு. இரண்டாமவரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

கரையிலிருந்து கம்பி வழியே மின்சாரம் பெறமுடியாத படகுக்கு இரண்டு மூலங்கள்தாம் முக்கியமானவை. ஒன்று டீசல் எஞ்சின். மற்றது கூரையில் கிடத்திய சூரியத் தகடு. நின்ற இடத்தில் ஓடும் எஞ்சின் மணிக்கு ஒரு லிட்டரோ சற்றுக் கூடவோ டீசல் குடிக்கும்; அண்டைப் படகுக்காரரின் நிம்மதியையும் சேர்த்துக் குடிக்கும். பிறர் அருகில் இருக்கும் இடத்தில் இரவு 8 மணி முதல் காலை 8 மணி வரை மின்சாரத்துக்காக எஞ்சினை ஓட்டக் கூடாது என்று உரிம விதியே இருக்கிறது. இந்நிலையில் சூரியத் தகடு வந்தது பெரும் ஆறுதல் என்பதில் எனக்கு ஐயமில்லை. தகட்டை நான் எதிர்க்கவில்லை. தகட்டின் பெயரால் சொல்லப்படும் கதையைத்தான் எதிர்க்கிறேன்.

இனி கணக்கு. படகொன்றின் கூரையில் 800 வாட் அளவுக்குத் தகடுகள் கிடப்பதாக வைத்துக்கொள்வோம். பாலங்களும் சுரங்கங்களும் இருப்பதால் அவற்றைத் தூக்கி நிறுத்திச் செல்ல முடியாது. பெரும்பாலும் படுக்கையாகவே கிடக்கும். பர்மிங்காம் ஊரை எடுத்துக்கொண்டால், ஜூன் மாத நண்பகலில் சூரியன் தொடுவானத்திலிருந்து சுமார் 61 பாகை உயரத்தில் நிற்கிறது; டிசம்பர் நண்பகலில் வெறும் 14 பாகை. பகற்பொழுதோ ஜூனில் பதினாறரை மணிநேரத்துக்கு மேல், டிசம்பரில் எட்டு மணிநேரத்துக்கும் குறைவு. விளைவு, ஜூனில் அத்தகடுகள் சராசரியாக நாளொன்றுக்கு மூன்று முதல் மூன்றரை யூனிட் மின்சாரம் தரும். டிசம்பரில் யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு தேறினால் பெரிது. அதாவது ஏறத்தாழப் பத்தில் ஒன்று. குளிர்பதனப் பெட்டி, விளக்குகள், தண்ணீர் ஏற்றும் பம்பு, கணினி, கைப்பேசி எல்லாம் சேர்ந்து ஒரு சிக்கனமான படகுக்கு நாளொன்றுக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை யூனிட் போதும். ஆக, ஜூனில் நாள்தோறும் சுமார் 2 யூனிட் மிச்சம். டிசம்பரில் நாள்தோறும் ஒரு யூனிட்டுக்கு மேல் பற்றாக்குறை.

மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளும் என்றே தோன்றும். பொய்க்கணக்கு இங்கேதான் ஆரம்பிக்கிறது. குளிர்காலப் படகின் முதல் தேவை விளக்கும் கணினியும் அல்லவே, வெப்பம். எஃகுச் சுவருக்கு அப்பால் குளிர்ந்த நீர் நிற்கும் ஒரு வீட்டைச் சூடாக வைக்க வாரத்துக்கு ஒரு மூட்டைப் புகையில்லா நிலக்கரி ஆகும் என்பது படகுவாசிகளின் பொதுவான அளவு. கடுங்குளிரில் அதற்கு மேலும் ஆகும். 20 கிலோ மூட்டையொன்றில் சுமார் 170 யூனிட்டுக்கு ஈடான ஆற்றல் உண்டு. புகைபோக்கி வழியே போவது போக, அறைக்குள் வருவது 120 யூனிட் என்று கொள்ளலாம். இப்போது கோடையின் பக்கம் திரும்புவோம். தாராளமாகவே கணக்கிட்டு, நாளொன்றுக்கு 2 யூனிட் வீதம் 150 நாட்கள் மிச்சமாகிறது என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் 300 யூனிட். ஒரு சொட்டு சிந்தாமல் அத்தனையையும் சேமித்து வைத்து ஜனவரியில் திறந்துவிட்டாலும், அது இரண்டரை மூட்டை நிலக்கரிக்குச் சமம். ஒரு முழுக் கோடையின் உபரியைக் கொண்டு இரண்டரை வாரம் குளிர்காயலாம். அவ்வளவுதான் அந்தப் பெரும்புதையலின் மதிப்பு. வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை இறைத்துத் தரும் கருவியைப் பொருத்தி இதை மும்மடங்காக்கலாம் என்பார்கள். ஆக்கினாலும் இரண்டு மாதத்தைத் தாண்டாது.

அதையாவது சேமிக்க முடியுமா? முடியாது. படகில் இப்போது பரவலாகிவரும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலத்தில், 12 வோல்ட் 400 ஆம்பியர்-மணித் தொகுதி ஏறத்தாழ 5 யூனிட் கொள்ளும். எடை 50 கிலோவை ஒட்டி வரும். 300 யூனிட் கொள்ள அப்படி அறுபது தொகுதிகள் வேண்டும். எடை 3 டன். குளிர்காலம் முழுவதற்கும் வேண்டிய வெப்பத்தை, அதாவது சுமார் 2,000 யூனிட்டை, மின்கலத்தில் வைப்பதென்றால் 20 டன். 57 அடிப் படகே ஏறத்தாழ அவ்வளவு எடைதான் இருக்கும். ஆற்று நிறையத் தண்ணீர் ஓடினாலும் நாய் நக்கித்தான் குடிக்கும் என்று நம்மூரில் சொல்வார்கள். இங்கே நாயைக் குறைசொல்லிப் பயனில்லை. ஆற்றையே குடித்துவிடலாம் என்று அதற்கு ஆசைகாட்டுபவரைத்தான் கேட்க வேண்டும்.

இவ்விடத்தில் ஒரு நியாயமான மறுப்பு எழக்கூடும். கால்வாய்களே பருவத்துக்குப் பருவம் சேமித்து வாழும் அமைப்புகள்தாமே? குளிர்கால மழையை நீர்த்தேக்கங்களில் பிடித்துவைத்துக் கோடையில் நீர்ப்பூட்டுகளுக்குத் திறந்துவிடுவதால்தானே படகுகள் ஓடுகின்றன? உண்மை. 1800 வாக்கில் ட்ரென்ட்–மெர்சி அமைப்புக்கு நீர் தருவதற்காக ஸ்டாஃபர்ட்ஷையரில் உண்டாக்கப்பட்ட ரட்யர்ட் ஏரி இன்றும் இருக்கிறது. கிப்ளிங்கின் பெற்றோர் காதலர்களாக உலவிய இடம் அது. மகனுக்கு அந்த ஏரியின் பெயரையே வைத்தார்கள். ஆனால் நீரைத் தேக்குவதற்கு ஒரு பள்ளத்தாக்கும் ஒரு மண்கரையும் போதும். மின்சாரத்தைத் தேக்க ஒவ்வொரு யூனிட்டுக்கும் தனித்தனியே பொருள் வாங்கியாக வேண்டும். மேலும், அத்தனை எளிய நீர்ச்சேமிப்பே ஒரு வறண்ட வசந்தத்துக்குத் தாக்குப்பிடிக்கவில்லை என்பதை 2025இல் கண்டோம். பிரிட்டனில் பதிவுகள் தொடங்கிய காலம்தொட்டு மிக அதிகமாக வெயிலடித்த வசந்தம் அது. கூரைகளில் மின்சாரம் வழிந்தது, நீர்த்தேக்கங்கள் வற்றின. லீட்ஸ்–லிவர்பூல் கால்வாயின் பகுதிகள் உட்படப் பல வழிகளில் படகுப் போக்குவரத்து கோடையில் நிறுத்தப்பட்டது. நிரம்பிய மின்கலத்தோடு படகுகள் நின்ற இடத்திலேயே நின்றன.

மின்கலமே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் திரித்துவிட வேண்டாம். பகலில் வருவதை இரவுக்கு வைக்கவும், மேகம் மூடிய இரண்டு மூன்று நாட்களைத் தாண்டவும் மின்கலம் அவசியம். அதுவே அதன் இயல்பான வேலை. அந்த அளவைத் தாண்டி வாங்கப்படும் ஒவ்வொரு தொகுதியும் மே மாதத்தில் ஒருமுறை நிரம்பிவிட்டு, செப்டம்பர்வரை பெரும்பாலும் நிரம்பியபடியே சும்மா கிடக்கும். லித்தியம் மின்கலத்துக்கு அப்படி முழுதாக நிரம்பியே கிடப்பது நல்லதும் இல்லை. அதன் ஆயுள் குறையும். தேவை உச்சத்திலிருக்கும் உறைபனி நாட்களிலோ, சுழிப் பாகைக்குக் கீழே அதற்கு மின்னூட்டவும் கூடாது. மிச்சம் வீணாகிறதே என்று பதறி வாங்கிய பொருள், அந்தப் பதற்றத்தைப் போக்காமல் வயதாகிப் போகிறது.

அந்த 'வீண்' என்ற சொல்லையே சற்று நிறுத்தி விசாரிக்க வேண்டும். மின்கலம் நிரம்பியதும் கட்டுப்பாட்டுக் கருவி தகட்டிலிருந்து எடுக்கும் மின்னோட்டத்தைக் குறைக்கிறது. மின்சாரமாகாத ஒளி வெப்பமாகித் தகட்டைச் சற்றுச் சூடாக்கிக் காற்றில் கலக்கிறது. தகடு இல்லாத கூரையில் என்ன நடக்குமோ அதுதான். எரிபொருள் எதுவும் எரியவில்லை, எவருக்கும் எதுவும் குறையவில்லை. வயலில் விழும் வெயிலை எந்த உழவரும் வீண் என்று சொல்லிக் கேட்டதில்லை. தகட்டின் விலையைக் கொடுத்துவிட்டோம் என்பதால் சூரியனே நமக்குக் கடன்பட்டிருப்பதாக எண்ணிக்கொள்கிறோம். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது நம் முன்னோர் சொன்ன பழமொழி. நெல்லைத் தூற்றத்தான் சொன்னார்கள். காற்றைப் பிடித்துப் பத்தாயத்தில் அடைக்கச் சொல்லவில்லை. சேமிக்க வேண்டியது தூற்றிய நெல். காற்று அதன் வேலையை முடித்துவிட்டுப் போகலாம்.

படகுக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். நண்பகலில் மிஞ்சும் 2 யூனிட்டால் செய்யக்கூடிய வேலை கொஞ்சநஞ்சமல்ல. படகின் வெந்நீர்த் தொட்டி பொதுவாக 55 லிட்டர் கொள்ளும். அதற்குள் அமிழ்ந்திருக்கும் ஒரு கிலோவாட் மின்சூடாக்கியை இரண்டு மணிநேரம் ஓடவிட்டால் தண்ணீரின் வெப்பம் சுமார் 30 பாகை ஏறும். காலையில் 20 பாகையில் இருந்த தண்ணீர் மாலையில் குளிக்கப் பதமாக 50 பாகையில் நிற்கும். இல்லாவிட்டால் அதே வெந்நீருக்காக எஞ்சினை ஒரு மணிநேரமாவது உறுமவிட்டிருப்பார்கள். இன்வெர்ட்டர் தாங்குமென்றால், பகல் உணவை வாயு உருளை அடுப்புக்குப் பதில் இண்டக்ஷன் அடுப்பில் சமைக்கலாம். இருவருக்கான சோறும் குழம்பும் அரை யூனிட்டிலிருந்து ஒரு யூனிட்டுக்குள் முடிந்துவிடும். துணி துவைப்பதை நண்பகலுக்கு மாற்றலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாது. திங்களன்று துவைத்தால் செவ்வாயன்று வெந்நீர். வெந்நீரும் துவைத்த துணியும் சமைத்த உணவும்தான் தூற்றிய நெல். இவற்றைச் சேர்த்துவைக்கத் தனியே எதுவும் வாங்க வேண்டியதில்லை. வேலையின் நேரத்தை மாற்றினால் போதும்.

நகர்வதும் இதில் சேர்த்தி. மின்மோட்டார் பொருத்திய படகு கால்வாயில் மணிக்கு மூன்று மைல் வேகத்தில் செல்ல இரண்டு முதல் மூன்று கிலோவாட் போதும். சட்டம் அனுமதிப்பதே நான்கு மைல்தான். ஜூன் மாத நாளொன்றின் உபரி, படகை நாள்தோறும் ஏறத்தாழ ஒரு மணிநேரம் நகர்த்தும். பதினான்கு நாளுக்கொருமுறை இடம் மாறியாக வேண்டிய ஒருவருக்கு இது சொற்பமான விஷயமா? டீசல் எஞ்சினைக் கழற்றி மின்மோட்டார் வைக்க எல்லோராலும் முடியாது என்பதை அறிவேன். செலவு மிக அதிகம். ஆனால் செலவிடப் பணமுள்ளவர் தம் பணத்தை எங்கே இடவேண்டும் என்று கேட்டால், கோடை முழுதும் சும்மா கிடக்கும் மின்கலங்களைவிட இதுவே தகும் என்பேன்.

நேரத்தை மாற்றுவது எளிதாகத் தோன்றும். உண்மையில் அதுதான் கடினம். எந்நேரமும் சுவரிலிருந்து மின்சாரம் வரும் என்ற கரைவாசியின் பழக்கத்தைப் படகுக்கும் கொண்டுவந்துவிட்டோம். அந்தப் பழக்கத்தை விடாமலேயே சுதந்திரமாகவும் இருக்கலாம் என்று சொல்வதுதான் விற்பனையின் சூட்சுமம். கால்வாய் வாழ்வின் மேல் இன்றைய ஆங்கிலேயருக்கு உள்ள மோகத்துக்கு வித்திட்டவர் எல். டி. சி. ரோல்ட். 1939இல் 'கிரெஸ்ஸி' என்ற மரப்படகில் குடியேறி, மனைவியுடன் மத்திய இங்கிலாந்தின் கால்வாய்களில் சுற்றிய அனுபவத்தை 'நேரோ போட்' என்ற நூலாக எழுதினார். 1944இல் அது வெளிவந்தது. அந்நூலின் தூண்டுதலால் ராபர்ட் ஐக்மன் அவரைத் தொடர்புகொள்ள, 1946இல் உள்நாட்டு நீர்வழிகளைக் காக்கும் சங்கம் ஒன்று பிறந்தது. ஐக்மனை விசித்திரக் கதைகளின் ஆசிரியராக இங்குள்ள வாசகர்கள் சிலரேனும் அறிந்திருப்பார்கள். ரோல்ட்டின் பார்வையில் மிகையும் பழைமை ஏக்கமும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆயினும் படகு வாழ்வு என்றால் வேறொரு வேகத்துக்கு உடம்பையும் மனத்தையும் பழக்குவது என்பதில் அவருக்குக் குழப்பம் இருக்கவில்லை. அவர் பெயரைச் சொல்லிக்கொண்டே, கரையின் வேகத்தைப் பொருள் பொருளாக வாங்கிப் படகில் ஏற்றுகிறோம். அதற்குச் சுதந்திரம் என்று பெயரும் வைக்கிறோம்.

இதெல்லாம் வசதியுள்ளவரின் பொழுதுபோக்கு என்று விட்டுவிடலாமே, இதற்கு ஏன் இத்தனை ஆவேசம் என்று கேட்கலாம். விடமுடியாததற்குக் காரணம் இருக்கிறது. பொய்க்கணக்கு தனிமனிதரின் பையோடு நிற்பதில்லை. அது கொள்கையாகவும் ஆகிறது. 2050க்குள் நிகரக் கரிம வெளியீட்டைச் சுழியமாக்குவது 2019 முதல் பிரிட்டனில் சட்டம். வீடுகளில் எரிக்கும் வழக்கமான நிலக்கரியின் விற்பனை இங்கிலாந்தில் 2023 மே மாதத்தோடு முற்றாக நின்றது. புகைக் கட்டுப்பாட்டு விதிகளைக் கரையில் நிற்கும் படகுகளுக்கும் நீட்டிக்க 2021ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் சட்டம் உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் தந்தது. இவற்றின் நோக்கத்தை நான் குறைசொல்லவில்லை. விறகுப் புகை படகுக்குள் இருப்பவரின் நுரையீரலையும் கரையோர வீட்டுக் குழந்தையின் நுரையீரலையும் ஒன்றுபோலவே கெடுக்கும். புகையில்லா நிலக்கரிக்கு இப்போதைக்கு இடம் இருக்கிறது. ஆனால் விதிகள் போகும் திசை தெளிவு. அந்தத் திசையில் அடுத்த அடி வைக்கும்போது, படகுக்காரருக்குத்தான் கூரையில் சூரியன் இருக்கிறதே என்ற கோடைக்காலச் சித்திரம் அதிகாரியின் மேசையில் இருந்தால், அது யாரைத் தாக்கும்? இரண்டரை மூட்டைக்குச் சமமான உபரியைக் காட்டி இருபது மூட்டையைப் பிடுங்குவது போலாகும்.

கரையில் வாழ்பவருக்கும் படகில் வாழ்பவருக்கும் இடையே உபரி எப்படி நடத்தப்படுகிறது என்பதையும் பாருங்கள். கால்வாயோரத்து வீட்டின் கூரையில் மிஞ்சும் மின்சாரத்துக்கு 2020 முதல் நடப்பிலுள்ள திட்டத்தின்கீழ் மின்நிறுவனம் பணம் தருகிறது. அதற்கு மின்கட்டமைப்போடு நிலையான இணைப்பும் மீட்டரும் வேண்டும். பத்தடி தள்ளி நீரில் நிற்கும் படகின் உபரிக்கு வாங்குவாரே இல்லை. 2022–23 குளிர்காலத்தில் எரிசக்தி விலை எகிறியபோது அரசு குடும்பம் ஒன்றுக்கு 400 பவுண்டு உதவியது. நிலையான துறையும் முகவரியும் இல்லாமல் சுற்றி வாழ்ந்த படகுக் குடும்பங்கள் அந்த உதவியின் விதிகளுக்குள் அடங்கவில்லை. அவர்களுக்கான நிலக்கரியும் டீசலும் மட்டும் விலையேறத் தவறவில்லை. 2024 ஏப்ரல் முதல், நிரந்தரத் துறையில்லாத படகுகளின் உரிமத்துக்குக் கூடுதல் கட்டணமும் சேர்ந்துகொண்டது. ஜூன் மாதத்தில் செல்வந்தரைப் போலத் தோன்றுகிறவர் ஜனவரியில் யாருடைய கணக்கிலும் இல்லை.

தீர்வு தெரியாததால் இந்த நிலை என்று சொல்லமுடியாது. லண்டனில் இஸ்லிங்டன் பகுதியில், ரீஜன்ட் கால்வாயோரம், மின்னிணைப்புக் கம்பங்கள் நட்ட துறைகளை அமைத்திருக்கிறார்கள். அங்கே நிற்கும் படகு, எஞ்சினையும் அடுப்பையும் நாடாமல் கரை மின்சாரத்தில் குளிரைத் தாங்கலாம். பிரிட்டனின் குளிர்காலத்தில் ஏராளமாக வீசுவது காற்று. பலத்த காற்று நாட்களில், கம்பிகள் கொள்ளாத காரணத்தால், ஸ்காட்லாந்தின் காற்றாலைகளை நிறுத்தி வைக்கப் பணம் கொடுக்கிறார்கள். குளிர்காலத்துக்குப் பொருத்தமான உபரி அந்தக் காற்றில் இருக்கிறது. படகின் கூரையிலிருந்து அது கிடைக்காது. அதைக் கால்வாய்க் கரைவரை கொண்டுவரக் கம்பிகள் இழுக்கப்பட வேண்டும், கம்பங்கள் நடப்பட வேண்டும். அது பொதுப்பணம் கொண்டு செய்ய வேண்டிய பொதுவேலை. தனித்தனிப் படகுக்காரர் தனித்தனி மின்கலம் வாங்கித் தீர்க்கக்கூடிய காரியமன்று.

ஆகவே இரு தரப்புக்கும் சொல்ல என்னிடம் இருப்பது இதுதான். படகில் வாழ்பவரே, இரவையும் இரண்டு மூன்று மங்கல் நாட்களையும் தாண்டும் அளவுக்கு மின்கலம் வைத்துக்கொள்ளுங்கள், அதோடு நிறுத்துங்கள். நண்பகலில் மிஞ்சுவதை நண்பகலிலேயே செலவழியுங்கள்: குளிக்க, துவைக்க, சமைக்க, முடிந்தால் நகர. அதற்கும் மேல் மிஞ்சினால் போகட்டும். அதில் அழுவதற்கு ஒன்றுமில்லை. விதி வகுப்பவரே, படகின் தேவையை அளக்க விரும்பினால் ஜனவரியில் வாருங்கள், ஜூனில் வராதீர்கள். நிலக்கரி மூட்டையை எடுத்துக்கொள்வதற்கு முன் மின்கம்பத்தை நடுங்கள். கம்பம் வந்த துறையில் கணப்பை அணைக்கச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. கம்பம் வராத துறையில் அந்த உரிமை இல்லை. கூரையில் எத்தனை தகடு கிடந்தாலும் இல்லை.